சூறைத்தேங்காய் சாமியும் அவர் இடுப்புத் துப்பாக்கியும்

துப்பாக்கியை வெளியே தெரியும்படி இடுப்பில் மாட்டிக்கொள்வதா, சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்வதா என்று ஒரு வாரம் முழுக்க எங்கள் வீட்டில் வாக்குவாதம் நடந்தது. கோவில்பட்டியில் பிறந்த எனக்கும் கோபிசெட்டிபாளையத்தில் பிறந்த என் வீட்டுக்காரருக்கும் கல்யாணம் பேசியபோது பத்துப் பொருத்தம் பார்த்தார்கள். இந்தப் பொருத்தத்தை யாரும் பார்க்கவில்லை.

ஹூஸ்டனில் நாங்கள் பதினோரு வருடம் இருந்தோம். இப்போது மேற்குக் கடற்கரைப் பக்கம் மில்பிடாஸில் இருக்கிறோம். இங்கே வெயில் அளவாக அடிக்கிறது, குளிர் அளவாக இருக்கிறது, நடந்து போகும் தூரத்தில் நான்கு தோசைக் கடைகள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை சொல்லாமல் எனக்கு ஒரு ஊரும் ஒட்டாது என்பதால் இந்த ஊர் எனக்கு ஒட்டவில்லை. ஹூஸ்டனில் காரை விட்டு இறங்கினால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும், தலைமுடி சிலுப்பிக்கொள்ளும், கொசு காதுக்குள் வந்து நலம் விசாரிக்கும். அத்தனையும் திட்டித் தீர்த்தபடி சந்தோஷமாக இருந்தேன்.

சனிக்கிழமை காலையில் ஹில்கிராஃப்ட் அவென்யூவுக்குப் போவோம். மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் வைத்திருக்கும் அந்தப் பகுதியில் பார்க்கிங் கிடைப்பதற்குள் மகாத்மாவுக்கே பொறுமை போயிருக்கும். காய்கறிக் கடையில் ஒரு ஆன்ட்டி இருந்தார். “இன்னிக்கு வெண்டைக்காய் எடுக்காதம்மா, எல்லாம் முத்தல்” என்று முதலாளிக்குக் கேட்காமல் என் காதில் சொல்வார். கறிவேப்பிலைக் கட்டு, முருங்கைக்காய், இட்லி அரிசி மூட்டை, சுடச்சுட சமோசா. காரில் ஏறியதும் என் மகள் சமோசாவைப் பிரித்து உருளைக்கிழங்கை எனக்குக் கொடுத்துவிட்டு மொறுமொறு மேல்தோலை மட்டும் தின்பாள். அந்தக் காரின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு நவராத்திரியால். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த தமிழ்க் குடும்பம் கொலுவுக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. சுண்டல் வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்ப் பார்த்தால் பின்கதவு உடைந்து கிடந்தது. லாக்கரிலிருந்து பண்டிகைக்கு எடுத்து வைத்திருந்த நகை அத்தனையும் போயிருந்தது. அந்த வருடம் அப்படி நான்கைந்து வீடுகளில் நடந்தது. நம் வீடுகளில் எந்த வாரம் நகை வெளியே வரும் என்று திருடனுக்குத் தெரிந்திருந்தது. நம்மைவிட ஒழுங்காகப் பஞ்சாங்கம் பார்க்கிறான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அதுவரை, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக்கில் கூடினால் ஆண்கள் கிரீன் கார்டு பற்றிப் பேசுவார்கள். அதற்குப் பிறகு துப்பாக்கி பற்றிப் பேசினார்கள். என் வீட்டுக்காரர் கரப்பான்பூச்சியை அடிக்க என்னைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய் நின்றுகொள்கிறவர். அவர் ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்து, “நாம ரெண்டு பேரும் கன் லைசென்ஸ் கிளாஸுக்குப் போறோம், ரெஜிஸ்டர் பண்ணிட்டேன்” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “பாப்பா தனியா இருக்கற நேரத்துல எவனாச்சும் வந்தான்னா?” என்றார். எங்கள் மகளுக்கு அப்போது பத்து வயது. நானும் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

வகுப்பை நடத்தியவர் எழுபது வயது டெக்ஸஸ்காரர். வெள்ளை மீசை, மெதுவான பேச்சு. மதியம்வரை சட்டம் சொல்லிக் கொடுத்தார். போலீஸ் வந்தால் கைகள் இரண்டும் தெரியட்டும், துப்பாக்கிப் பக்கம் கை போகவே கூடாது, நீங்களாக எதையும் எடுக்காதீர்கள் என்று மூன்று முறை சொன்னார். மதியத்துக்கு மேல் சுடும் பரீட்சை. தீபாவளிக்குப் பொட்டுவெடித் துப்பாக்கி சுட்டதோடு சரி என் அனுபவம். ஆனால் காகித மனிதனின் நெஞ்சில் நான் சுட்டது எல்லாம் ஒரே இடத்தில் கூட்டமாக விழுந்தது. என் வீட்டுக்காரருடையது காகிதத்தின் நான்கு மூலைக்கும் போயிருந்தது. மீசைக்காரர் இரண்டு காகிதங்களையும் பார்த்துவிட்டு அவரிடம், “சார், வீட்டில் சமாதானமாக இருங்கள்” என்றார். இருவரும் தேறிவிட்டோம்.

போகும்போது அவர் எல்லோரிடமும் ஒன்று சொன்னார். இந்த மாநிலத்தில் லைசென்ஸ் இருந்தால் உறையில் போட்டு வெளியே தெரியும்படியும் வைத்துக்கொள்ளலாம், மறைத்தும் வைத்துக்கொள்ளலாம். ஓப்பன் கேரியா, கன்சீல்டு கேரியா என்று வீட்டுக்குப் போய் முடிவு செய்துவிட்டு உறை வாங்குங்கள்.

என் முடிவு காரிலேயே தயாராக இருந்தது. தமிழ்நாட்டில் பிறந்த பெண்ணுக்கு இதை ஒரு மீசைக்காரர் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். “சங்கிலிய உள்ள தள்ளு.” பஸ் இறங்கிக் கல்யாண மண்டப வாசலில் நுழையும்போது மறுபடியும் இழுப்பாள். “இப்ப வெளிய எடுத்துப் போடு.” எங்கே காட்ட வேண்டும், எங்கே மறைக்க வேண்டும் என்பது பார்க்கிறவன் யார் என்பதைப் பொறுத்தது. தங்கத்துக்கு ஒரு சட்டம், துப்பாக்கிக்கு ஒரு சட்டமா?

“மறைச்சு வெக்கறதுக்கு நான் என்ன திருடனா?” என்றார் அவர். “ஒருத்தன் பாத்தான்னா, ஓ, இவன்கிட்ட இருக்குதுன்னு தெரியோணும். தெரிஞ்சாத்தான் கிட்டவே வரமாட்டான்.”

“பாக்குறவன் திருடன்னா சரி. மத்தவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க? நம்ம மூஞ்சிக்கு அதெல்லாம் வேணாங்க.”

“நம்ம மூஞ்சிக்கு என்ன? நானும் டாக்ஸ் கட்டறேன்.”

வாரம் முழுக்க இதே பேச்சு. சாம்பார் ஊற்றும்போதும் நடந்தது, பல் தேய்க்கும்போதும் நடந்தது. கடைசியில் அவர் சொன்னது வேறு. “எனக்கு மறைக்கத் தெரியாது. சட்டைக்குள்ள வெச்சுட்டுப் போனா, எதுத்தாப்புல வரவன்கிட்ட நானே சொல்லிருவேன்.” அது உண்மைதான். மகளுக்குத் தெரியாமல் பிறந்தநாள் பார்ட்டி ஏற்பாடு செய்தால் காலையில் அவளை எழுப்பும்போதே உளறிவிடுகிறவர். எனக்குப் புடவை எடுத்தால் கடையிலிருந்தே போன் செய்து நிறத்தைச் சொல்லிவிடுகிறவர். இப்படி ஒரு ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? விட்டுக்கொடுத்தேன். என் பங்குக்கு, சுடிதாரில் அதை எங்கே செருகுவது என்று தெரியாமல் லைசென்ஸை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

அவர் துப்பாக்கியும் உறையும் வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் நாள் பெட்ரோல் பங்க்கில் கவ்பாய் தொப்பி போட்ட ஒரு தாத்தா அவரிடம் வந்து உறையைப் பாராட்டிவிட்டு ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டால் எந்த நாடு என்று முதலில் கேட்கும் ஊரில், அந்தத் தாத்தா அதைக் கேட்கவே இல்லை. இவர் காரில் ஏறி, “பாத்தியா, நம்மளையும் ஒரு ஆளா மதிக்கறாங்க” என்றார். முகம் எல்லாம் சிரிப்பு. சொல்லக் கூடாது, எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வழுக்கை விழ ஆரம்பித்த என் எஞ்சினியர் திடீரென்று தோளை நிமிர்த்தி நடந்தார்.

நான்கைந்து வாரம் கழித்துக் கார்த்திகை பிறந்தது. என் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார்.

ஹூஸ்டனில் முப்பது பேர் கொண்ட ஐயப்பன் குழு இருந்தது. மலைக்குப் போக லீவு கிடைக்காதவர்கள் நாற்பத்தொரு நாள் விரதம் இருந்து உள்ளூர்க் கோயிலிலேயே இருமுடி சுமந்து முடித்துக்கொள்வார்கள். குருசாமி, பகலில் பல் டாக்டர். பதினெட்டு வருடம் மலை ஏறியவர். சனிக்கிழமை சாயங்காலங்களில் யார் வீட்டு கராஜிலாவது பஜனை நடக்கும். இரண்டு காரையும் வெளியே விட்டுவிட்டு, தரையில் ஜமக்காளம் விரித்து, புல்வெட்டும் மெஷினைப் போர்வையால் மூடிவிட்டு அதன் மேலேயே படம் சாத்தி வைப்போம். முப்பது குரல் சரணம் சொல்லும்போது கராஜ் கதவு அதிரும். அதற்குப் பிறகு அரவணைப் பாயசம். கருகிய நெய்யும் வெல்லமுமாக அந்தப் பாயசத்துக்கு இணையாக நான் இன்றுவரை ஒன்று சாப்பிட்டதில்லை. மில்பிடாஸில் கோயில் பெரியது, கூட்டம் பெரியது. பாயசம் பேப்பர் கப்பில் வரிசையில் நின்று வாங்குகிறோம்.

மாலை போட்ட வீட்டுச் சட்டம் எல்லோருக்கும் தெரியும். கறுப்பு உடை, கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் சந்தனம். சவரம் கிடையாது. தோல் பொருள் ஆகாது என்று இவர் பெல்ட்டைக் கான்வாஸாகவும் துப்பாக்கி உறையைப் பிளாஸ்டிக்காகவும் மாற்றிக்கொண்டார். எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் சாமி. நான் அவரை அழைப்பதும் சாமி. அதில் எனக்குச் சிரமம் இல்லை, எப்படியும் கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ‘என்னங்க’ போய் ‘சாமி’ வந்தது, அவ்வளவுதான். சிரமம் வேறு இடத்தில் இருந்தது. சாமியைத் திட்டக் கூடாது. வீட்டில் சண்டை கூடாது, குரல் உயரக் கூடாது. என்னைப் போன்றவளுக்கு அது பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டம்.

மூன்றாவது வாரம் தாடி நன்றாக அடர்ந்துவிட்டது. ஒரு நாள் காலையில் ஆபீஸுக்குக் கிளம்பி வாசலில் நின்றார். கறுப்புச் சட்டை, கறுப்புப் பேன்ட், மார்பு வரை மாலை, கழுத்து வரை தாடி, இடுப்பில் துப்பாக்கி. மகள் கார்ன்ஃப்ளேக்ஸைச் சாப்பிட்டுக்கொண்டே, “அப்பா லுக்ஸ் லைக் த பேட் கை” என்றாள். அவர், “சாமின்னு சொல்லு கண்ணு” என்று திருத்திவிட்டுப் போனார்.

அதுவரை நான் என் கணவரை என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நிமிடம் அந்த ஊரின் கண்ணால் பார்த்தேன். எவனாவது பயந்து போன் செய்துவிட்டால்? போலீஸ்காரன் இவர் கரப்பான்பூச்சிக்குப் பயப்படுகிறவர் என்றா கண்டான்? சாதாரண நாளாக இருந்தால் வாசலை மறித்து நின்று, கத்தி, அழுது, துப்பாக்கியைப் பிடுங்கி அரிசி டப்பாவில் போட்டிருப்பேன். விரத வீடு. வாயை மூடிக்கொண்டேன்.

பஜனையின்போது குருசாமியிடம் மட்டும் ஜாடையாகக் கேட்டேன். “சாமி, மாலை போட்டவங்க ஆயுதம் வச்சிருக்கலாமா?” குருசாமி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் பதிலைத் தயாராக வைத்திருந்தார். “ஐயப்பன் கையில வில்லு இல்லீங்களா சாமி? கன்னிச்சாமி சரம் எடுத்துட்டுப் போறதில்லீங்களா?” மலைக்கு முதல் தடவை போகிறவர் கன்னிச்சாமி, அவர் சரம் என்று மரத்தில் செய்த சிறிய அம்பு ஒன்றைக் கொண்டுபோவது வழக்கம். கராஜ் முழுக்கச் சிரித்தது. குருசாமியும் சிரித்துவிட்டு, “கோயிலுக்கு வரும்போது மட்டும் கார்ல லாக் பண்ணிட்டு வாங்க சாமி, வாசல்ல போர்டு வெச்சிருக்காங்க” என்றார். மறைத்தும் கொண்டுவரக் கூடாது, தெரியும்படியும் கொண்டுவரக் கூடாது என்று எங்கள் கோயில் வாசலில் இரண்டு போர்டு இருந்தது. பிள்ளையாருக்குக்கூட அத்தனை பெரிய எழுத்தில் பெயர் எழுதவில்லை.

இருமுடிக்கு நெய்த்தேங்காய் வேண்டும். தேங்காயின் நாரை எல்லாம் எடுத்து, ஓட்டை வழவழவென்று தேய்த்து, கண்ணில் துளை போட்டுத் தண்ணீரை எடுத்துவிட்டு உள்ளே நெய் நிரப்புவார்கள். மற்ற சாமிகள் கையில் கிடைத்ததை வைத்துத் தேய்த்தார்கள். என் வீட்டுக்காரர் எஞ்சினியர். எந்த நம்பர் உப்புத்தாள் சரியாக இருக்கும் என்று ஹார்டுவேர் கடையில் கேட்டு வாங்க வேண்டும் என்றார். கேட்பதற்குத் தேங்காயையும் கையோடு எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பதினோரு மணி. ஹில்கிராஃப்டுக்குப் போகும் வழியில் அந்தப் பெரிய ஹார்டுவேர் கடையின் பார்க்கிங் லாட்டில் காரை நிறுத்தினோம். “ரெண்டே நிமிசம்” என்று அவர் இறங்கிப் போனார். நானும் மகளும் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளே அவர் ஒவ்வொரு உப்புத்தாளாகத் தேங்காயில் தேய்த்துப் பார்த்திருக்கிறார், வாய்க்குள் சரணம் சொல்லிக்கொண்டே. அதைப் பார்த்த யாரோ ஒருவர் போலீஸுக்குப் போன் செய்திருக்கிறார். கறுப்பு உடை, தாடி, இடுப்பில் துப்பாக்கி, கையில் உருண்டையாக ஏதோ இருக்கிறது, முணுமுணுக்கிறான். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

இடது கையில் பை, வலது கையில் தேங்காயோடு அவர் வெளியே வந்தார். வழக்கம்போல் காரை எங்கே விட்டோம் என்று மறந்து, பார்க்கிங் லாட் நடுவில் நின்று நான்கு பக்கமும் பார்த்தார். நான் கையை வெளியே நீட்டி ஆட்டப் போனேன். அப்போது இரண்டு போலீஸ் கார்கள் சத்தமில்லாமல் உள்ளே வந்து நின்றன. கதவுகள் திறந்தன. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, துப்பாக்கியை நீட்டிக்கொண்டு கத்தினார்கள். “கன்! ஹி ஹேஸ் எ கன்! ட்ராப் இட்! ட்ராப் இட்!” தள்ளுவண்டியோடு போனவர்கள் எல்லாம் கார்களுக்குப் பின்னால் குனிந்தார்கள்.

என் வீட்டுக்காரர் குனியவில்லை, போடவும் இல்லை. திரும்பி எங்கள் கார் இருந்த பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்துவிட்டார். பையைக் கீழே விட்டார். பிறகு வலது கையிலிருந்த தேங்காயை இடது கைக்கு மாற்றினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. பூஜைக்கு எடுத்து வைத்த தேங்காய். அதை அழுக்குத் தரையில் போட மாட்டார். வைப்பதற்குச் சுத்தமான இடம் தேடுகிறார், இந்த மனிதர். மீசைக்காரர் மூன்று முறை சொன்னாரே, கை இடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று. காலியான அந்த வலது கை கீழே இறங்கியது.

நான் கார் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே தள்ளி, கல்யாணமாகிப் பதிமூன்று வருடத்தில் முதல் தடவையாக, அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். “தேங்காயக் கீழ போடுடா!”

போட்டார். இரண்டு கையும் தலைக்கு மேலே போயின. தேங்காய் தார்த் தரையில் விழுந்து மூன்றாக உடைந்தது, தண்ணீர் ஓடியது. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மெதுவாக, மரியாதையாக நடந்தது. முட்டி போடச் சொன்னார்கள், துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்கள், லைசென்ஸைப் பார்த்தார்கள். இளம் வயதுப் போலீஸ்காரர் ஒருவர் கேள்வி கேட்கக் கேட்க, மூன்று வாரப் பழக்கத்தில் இவர் ஒவ்வொன்றுக்கும் “யெஸ் சாமி, யெஸ் சாமி” என்று பதில் சொன்னார். சட்டப்படி ஒரு தவறும் இல்லை என்று துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் போலீஸ்காரர் தேங்காய்ச் சில்லைக் குனிந்து பார்த்தார்.

மறுநாள் வேறு தேங்காய் வாங்கினோம். குருசாமி வீட்டில் இருந்த பழைய அரத்தால் தேய்த்தார்கள். விரதம் நல்லபடியாக முடிந்தது. துப்பாக்கி அலமாரிப் பூட்டுக்குள் போனது, அதற்குப் பிறகு அதை அவர் வெளியேயும் மாட்டவில்லை, உள்ளேயும் மாட்டவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வருடம் அவர் கம்பெனி மாறினார், சான்டா கிளாராவில் வேலை. கிளம்பும்முன் துப்பாக்கியை வாங்கிய கடையிலேயே கொடுத்துவிட்டார்.

தேங்காய்க் கதை மட்டும் எங்களோடு வந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் என்னைச் சொல்லச் சொல்வார்கள். “சுட்டுருவேன்னு துப்பாக்கிய நீட்டுறான், இவரு தேங்காய அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாத்துறாரு! போலீஸுக்கு முன்னால சூறைத்தேங்காய் விட்ட ஒரே சாமி இவருதான்!” என்று நான் கையாலேயே நடித்துக் காட்டுவேன். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். சூறைத்தேங்காய் சாமி என்றே அவருக்குப் பெயர் வந்துவிட்டது. அவரும் கூடவே சிரிப்பார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் சான் டியேகோவில் கல்லூரிக்குப் போய்விட்டாள். அவருக்கு இப்போது வீட்டிலிருந்தே வேலை. எந்த ஊரில் இருந்தாலும் ஒன்றுதான். ஹூஸ்டன் தோழி ஒருத்தி காலையில் போன் செய்து, எங்கள் பழைய தெருவிலேயே ஒரு வீடு விற்பனைக்கு வருகிறது என்றாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காபியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டு, “திரும்பிப் போயிரலாமாங்க?” என்று கேட்டேன்.

வெயில் என்றார். வெயில் அப்போதும் இருந்தது என்றேன். புயல், வெள்ளம் என்றார். இங்கே பூமி ஆடுகிறதே என்றேன். கொசு என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பதினோரு வருசம் இருந்த ஊரு. எனக்கு அங்கதான் ஆளுங்க இருக்காங்க. இங்க நான் செத்தா எடுத்துப் போட நாலு பேரு இல்ல. கொசுன்னு சொல்றீங்க!” என்று கத்தினேன்.

அவர் டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார்.

“அந்தத் தேங்காய்க் கதையச் சொல்றியே,” என்றார். “நான் தேங்காயக் காப்பாத்தல.”

“பின்ன?”

“கன், கன்னுன்னு கத்துனாங்கல்ல. எல்லாரும் ஒளியறாங்க. எவனோ ஒருத்தன் துப்பாக்கியோட பார்க்கிங் லாட்டுக்குள்ள வந்துட்டான்னு நெனச்சேன். திரும்பிப் பாக்கறேன், நீயும் பாப்பாவும் கண்ணாடிய எறக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அதுக்குத்தான அத வாங்குனது? வலது கை ஃப்ரீ ஆகட்டும்னு தேங்காய மாத்துனேன்.”

காலியான அந்தக் கை எங்கே இறங்கியது என்று நான் பார்த்திருக்கிறேன். எட்டு வருடமாக எல்லோருக்கும் நடித்துக்கூடக் காட்டியிருக்கிறேன்.

“ஏங்க இத்தன நாளு சொல்லல?”

“நீ சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லிட்டிருந்தே. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.” டம்ளரைத் தள்ளி வைத்தார். “அவங்க சொல்ற ஆளு நாந்தான்னு எனக்குத் தெரியவே இல்ல. நீ என் பேரச் சொல்லிக் கத்துனப்பத்தான் தெரிஞ்சுது.”

தோழியை மறுபடியும் கூப்பிட்டு வீடு வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவருடைய வலது கையை இழுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, அந்தக் கதைக்காக முதல் தடவையாக அழுதேன்.